அன்னக்காமுவின் இடது காது

ஒரு காட்டில் மழை பெய்தது. எருமை ஒன்று அசையாமல் நனைந்துகொண்டிருந்தது. குடையுடன் அவ்வழியே போன யாரோ ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, எருமைக்குச் சொரணை கிடையாது என்று முடிவு செய்து, ஊருக்குள் போய்ச் சொல்லியும்விட்டார். அன்றிலிருந்து, திட்டினால் உறைக்காதவரையும் கேட்டால் பதில் சொல்லாதவரையும் ‘எருமை மேல் மழை பெய்தது போல’ என்று சொல்லிவருகிறோம்.

இது பிழை. சிறிய பிழையும் அன்று.

குடையுடன் போனவர் எருமையிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. எருமைத் தோல் தடித்தது என்பது உண்மை. உறைக்காதது என்பது பொய். அதில் வியர்வை சரியாகச் சுரக்காது. வெயில் ஏறினால் வேகும். ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் எந்த இடத்தில் உட்கார்ந்தது, எந்தக் காலை முதலில் வைத்தது என்பதுவரை எருமைக்குத் தெரியும். பகல் முழுவதும் வெந்த உடம்பின் மேல் மழை பெய்தால் அசையாமல் நிற்பதுதான் அறிவு. அதைச் சொரணையின்மை என்பதானால், குளியலறையில் ஷவருக்கடியில் கண்மூடி நிற்கும் எல்லோரையும் எருமைகள் அப்படியே கருதலாம். அவை கருதுவதில்லை. அது எருமைகளின் பண்பு.

இந்தப் பிழை திருத்தப்படாமலே போனதால் துன்பப்பட்டவர்களில் ஒருத்தி அன்னக்காமு.

அன்னக்காமு மேற்சொன்ன காட்டில் குளக்கரையில் வாழ்ந்த நடுவயது எருமை. அவளுடைய இடது காதுக்குள் ஓர் உண்ணி புகுந்துவிட்டது. ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் அந்தப் பூச்சி, காதின் உள்மடிப்பில், மரத்தில் தேய்த்தாலும் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தது. குளத்தில் தலையை முக்கினால் மூச்சை அடக்கிக்கொண்டது. தலையை உதறினால் இறுகப் பற்றிக்கொண்டது. அரிப்பில் அன்னக்காமுவுக்குப் புல் இறங்கவில்லை. படுத்தால் எழுந்தாள், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறுபடி படுத்தாள்.

முன்பெல்லாம் இது ஒரு பேச்சாகவே இருந்ததில்லை. மாடுகளோடு திரியும் வெள்ளைக் கொக்குகள் இருந்தன. முதுகில் வந்து உட்காரும். உண்ணியைக் கண்டால் கொத்தித் தின்னும். மாட்டுக்கு நிம்மதி, கொக்குக்குச் சாப்பாடு. பில்லும் இல்லை, வரிசையும் இல்லை. முதுகில் கொஞ்சம் எச்சம் விழும். குளத்தில் ஒரு முழுக்குப் போட்டால் போய்விடும்.

பிறகு காட்டில் ‘சர்வாங்க சுந்தரி’ அழகுப்பொருள் அங்காடியைத் திறந்தார்கள். ஏசி, ஆளுயரக் கண்ணாடிகள், எதை மோந்து பார்த்தாலும் வேறெதுவோ மணக்கும் ஒரு காற்று. விற்பனைக்குப் பெண்கள் தேவை, பார்க்க வெள்ளையாக இருக்க வேண்டும் என்று வாசலில் அட்டை தொங்கியது. சில நாட்களில் காட்டின் கொக்குகள் அனைத்தும் வேலைக்குச் சேர்ந்துவிட்டன. விண்ணப்பித்த காக்கைகளிடம் “சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். காக்கைகள் காத்திருக்கின்றன.

வேலையில் ஒரு கஷ்டம்தான்: உட்காரக் கூடாது. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். உட்காருவதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட இனத்துக்கு இது எப்படியிருக்கும் என்று சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கொக்கு ஒற்றைக்காலில் நிற்பது மீனை நோக்கிய தவம் என்று எழுதுவோர் உண்டு. அதுவும் திருத்தத்துக்குரியது. கடை விதியில் ‘நிற்க வேண்டும்’ என்றுதான் இருந்தது. எத்தனை காலில் என்று இல்லை. ஆகவே ஒரு காலுக்கு ஓய்வு கொடுத்து மறுகாலில் நின்றன.

அன்னக்காமு அரிப்புத் தாங்காமல் ஒரு காலையில் அங்காடிக்குள் நுழைந்தாள். கொம்பு இடிக்காமல் கண்ணாடிக் கதவைத் தாண்டவே அவளுக்கு வெகுநேரமாயிற்று. அங்கே ஒவ்வொரு கொக்கும் ஒவ்வொரு கம்பெனி.

“முகம்னா சொல்லுங்க மேடம்,” என்றது முதல் கொக்கு. “காது எங்க கம்பெனியில வராது. எங்களுது கன்னத்தோட முடிஞ்சிடும்.”

“கூந்தல் எங்களுது,” என்றது அடுத்தது. “காதுக்குள்ள முடி இருந்தா பேசலாம்.”

“இருக்கே, ரெண்டு மூணு.”

“எட்டிப் பாக்குற முடியா, உள்ளயே இருக்குற முடியா?”

“உள்ளதான்.”

“அப்ப வராது மேடம்.”

கழுத்துக்கான கொக்கு, தன் எல்லை தாடைக்குக் கீழேதான் தொடங்குகிறது என்று கையை விரித்தது. முகத்துக்கும் கூந்தலுக்கும் கழுத்துக்கும் நடுவே, எந்த அரசனுக்கும் வரி கட்டாத குக்கிராமம் போலக் கிடந்தது காது. கடைசியில் அவளை ‘இதர வகைகள்’ என்று எழுதியிருந்த மூலைக்கு அனுப்பினார்கள். அங்கே நின்றவள் ரோஸ்லின். அவளை அவள் அம்மா வளர்த்ததே அன்னக்காமுவின் முதுகில் உட்கார்ந்துதான்.

“வாங்கக்கா! என்ன, தலைய ஒரு பக்கமாவே வச்சிருக்கீங்க?”

“நீயே எட்டிப் பாரு.”

ரோஸ்லின் எட்டிப் பார்த்தாள். அலகு தானாகத் திறந்தது. அவள் அதை மூடிக்கொண்டாள்.

“கண்ணுக்கு நேரா உக்காந்திருக்கான்ல? ஒரே ஒரு கொத்து கொத்து தாயி. நான் பாட்டுக்குப் போயிருவேன்.”

“மெதுவாப் பேசுங்கக்கா. பில் போடாத எதையும் கஸ்டமருக்குச் செய்யக்கூடாது. எங்க சித்தி மக பழக்கதோஷத்துல ஒரு பசுவோட வாலடியில கொத்திட்டா. அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

“அப்ப கொத்துறதுக்கு ஒரு பில்லப் போடு.”

“கொத்து ஸ்டாக்ல இல்லக்கா.”

“ஸ்டாக்ல இல்லையா? உன் மூஞ்சியிலல்லடி இருக்கு!”

அந்நேரம் தரைத்தளத்து மேனேஜர் அந்தப் பக்கமாக வந்தார். ரோஸ்லினின் குரல் மாறியது. “மேடம், உங்களுக்குன்னே எங்ககிட்ட உண்ணி நிவாரண சீரம் இருக்கு. கத்தாழை, வைட்டமின் ஈ. கெமிக்கல் கிடையாது. உண்ணிக்குத் தானா மனசு வந்து இறங்கிப் போயிடும்.”

“மனசு வரலைன்னா?”

“விடாமப் போடணும் மேடம்.”

ஒரு குடம் பால் கறந்து கொடுத்து அன்னக்காமு அந்தக் குப்பியை வாங்கினாள். போன் நம்பர் சொல்லாமல் பில் விழாது என்றார்கள். அவளிடம் போன் இல்லை. வரிசையில் பின்னால் நின்ற வெள்ளாடு அவசரத்தில் தன் நம்பரைக் கொடுத்தது. அன்னக்காமுவின் பிறந்தநாள் வாழ்த்துகள் இன்றுவரை அந்த ஆட்டுக்குத்தான் வருகின்றன.

சீரம் தோலை எரித்தது. காது பணியாரம் போல் உப்பியது. மிளகளவு இருந்த உண்ணி இலந்தைப்பழ அளவுக்கு வந்தது. அன்னக்காமு குப்பியைக் கொம்பில் மாட்டிக்கொண்டு திரும்பவும் அங்காடிக்குப் போனாள்.

புகார் மேசைக்கு மேலே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்றும், அதற்குக் கீழே ‘உங்கள் புன்னகையே எங்கள் வெற்றி’ என்றும் எழுதியிருந்தது. மேசையில் புகார்களுக்கான மேனேஜர் தணிகாசலம் இருந்தார். அவர் ஓணான். ஓணான் தலையாட்டுவது அதன் உடல்வாகு. அதில் சம்மதம் என்று எதுவும் கிடையாது. காட்டில் இதை அறியாதவர் இல்லை. ஆனால் காது வலிக்கும்போது யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை. அங்காடி முதலாளி பலரையும் நேர்காணல் செய்து தணிகாசலத்தைப் பொறுக்கியெடுத்தது இந்த ஒரு தகுதிக்காகத்தான்.

“காது எரியுதுங்க,” என்றாள் அன்னக்காமு.

தணிகாசலம் தலையாட்டினார்.

“வீங்கிப்போச்சு, பாருங்க.”

தலையாட்டினார்.

“நீங்க இத எடுத்துக்கிட்டு என் பாலக் கொடுத்திருங்க.”

நன்றாகவே தலையாட்டினார். அன்னக்காமுவுக்கு மனசு லேசாயிற்று. நல்ல மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று ஓரமாகப் போய் நின்றாள். வரிசையில் பலர் வந்தார்கள், போனார்கள். அவள் மறுபடி முன்னால் வந்தாள்.

“இன்னும் கொடுக்கலையேங்க?”

தலையாட்டினார்.

“எப்பக் கொடுப்பீங்க?”

தலையாட்டினார்.

“ஏங்க, எப்பன்னு கேட்டா அதுக்கு எப்படிங்க ஆமான்னு தலையாட்டுறது?”

தணிகாசலம் வாய் திறந்தார். “உங்க வருத்தம் எனக்கு நல்லாப் புரியுது மேடம். சீரத்தை எப்படிப் போட்டீங்க? மேலருந்து கீழயா, கீழருந்து மேலயா?”

“என் காது தொங்குற காதுங்க. எது மேல, எது கீழ?”

“பாத்தீங்களா, அங்கதான் தப்பு நடந்திருக்கு. சரி, உங்க தோல் எந்த வகை?”

“எருமைத் தோல்.”

தணிகாசலம் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டீங்களா? எருமைக்கு எரியுதாம்.”

வரிசை சிரித்தது. சந்தன பவுடர் வாங்க வந்திருந்த பன்றியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “எங்க பாட்டன் காலத்துலருந்து இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதில்லையப்பா!”

“மேடம்,” என்றார் தணிகாசலம் பொறுமையாக. “எருமைக்கு எதுவும் உறைக்காதுங்கிறது ஊரறிஞ்ச விஷயம். உங்களுக்கு எரியுதுன்னா, ஒண்ணு, சீரம் அவ்வளவு சக்தியுள்ள சீரம். இல்லாட்டி, நீங்க எருமை இல்ல. ரெண்டுல எதுன்னாலும் கடை பொறுப்பாகாது.”

அன்னக்காமுவின் மூக்கு விடைத்தது. “நான் எருமையா இல்லையான்னு தெரியணுமா? இந்தக் கண்ணாடி அலமாரிப் பக்கம் ஒரு தரம் திரும்பிக் காட்டட்டா?”

வரிசையில் சிரிப்பு நின்றது. பன்றியார் பவுடர் டப்பாவைப் பத்திரமாகப் பின்னால் ஒளித்துக்கொண்டார். தணிகாசலம் மேசையிலிருந்து இறங்கினார்.

“கோபப்படாதீங்க மேடம். முறையா விசாரிச்சிருவோம். சரக்கு சரியில்லைன்னா, அத உபயோகிச்சவங்களத்தான் கேக்கணும்.”

“உபயோகிச்சது நான்தானய்யா.”

“நீங்க போட்டுவிட்டீங்க. எதுக்காகப் போட்டீங்க?”

“உண்ணிக்காக.”

“அப்ப உபயோகிச்சது அவர்தானே?”

அன்னக்காமு இதை அசைபோட்டுப் பார்க்கத் தொடங்கினாள். அதற்குள் தணிகாசலம் கொம்பு வழியாக ஏறி, காதுக்குள் தலையை நீட்டினார்.

“சார், வணக்கம். சர்வாங்க சுந்தரியிலருந்து பேசுறேன்.”

“அடடா, வாங்க, வாங்க,” என்றது உள்ளேயிருந்து ஒரு கொழுத்த குரல்.

“நம்ம சீரம் எப்படிங்க சார் இருக்கு?”

“என்னத்தச் சொல்றதுங்க! முன்ன இந்தக் காது வறண்டு, கரடுமுரடாக் கிடந்துச்சு. புரண்டு படுக்க முடியாது. இப்ப மெத்துமெத்துன்னு, ஒரு வாசனை வேற. என் உடம்பப் பாருங்க. சொந்தக்காரங்க வந்தா என்னய அடையாளம் தெரியாது. எங்க குடும்பத்துல யாருமே இப்படி இருந்தது கிடையாது. நீங்கள்லாம் நல்லா இருக்கணும்.”

தணிகாசலத்தின் தலை நின்றுவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது நின்றதை யாரும் பார்த்ததில்லை. அங்காடி திறந்தது முதல் எந்த வாடிக்கையாளரும் கேட்காமலே இத்தனை நீளமாகப் பாராட்டியதும் இல்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, பில் மேசையிலிருந்த திரையில் உண்ணியின் சார்பாக ஐந்து நட்சத்திரத்தை அழுத்தினார்.

“எனக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது!” என்று அன்னக்காமு மூக்கால் திரையை இடித்தாள். ஒன்றுக்குக் குறைவாகப் போட அதில் வழியில்லாததால் ஒன்று விழுந்தது. இயந்திரம் இரண்டையும் கூட்டிச் சராசரி பார்த்து ‘நன்று’ என்றது. புகார் முடித்துவைக்கப்பட்டது.

ஐந்து நட்சத்திரம் தந்தவர் தங்க உறுப்பினர். தங்க உறுப்பினர் கடைக்கு வந்து சிரமப்பட வேண்டியதில்லை; தினமும் வீட்டுக்கே வந்து சீரம் பூசிவிடுவார்கள். இலவசம்.

“முகவரி சொல்லுங்க சார்,” என்றார் தணிகாசலம்.

“அன்னக்காமு. இடது காது. உள்பக்கம்.”

“அப்ப நான் யாருய்யா?” என்றாள் அன்னக்காமு.

“நீங்க வீட்டு ஓனர் மேடம்.”

வீட்டுச் சேவைக்கு ‘இதர வகைகள்’ ரோஸ்லினை அனுப்புவதென்று தீர்மானமாயிற்று. இதைக் கேட்டதும் அன்னக்காமு வாயை மூடிக்கொண்டாள். ரோஸ்லினைப் பார்த்தாள். ரோஸ்லினும் அவளைப் பார்த்தாள். குளக்கரையில் மேனேஜர் கிடையாது. பில் கிடையாது. அன்னக்காமு கொம்பு இடிக்காமல் வெளியே போனாள். அன்றிரவு நன்றாகப் புல்லும் தின்றாள்.

மறுநாள் காலை, கழுத்தில் கடையின் ரோஸ் நிறத் துணியும் காலில் சீரம் குப்பியுமாக ரோஸ்லின் பறந்து வந்து முதுகில் இறங்கினாள். இறங்கியவள் இரண்டு கால்களையும் மடித்து உட்கார்ந்தாள். கண் தானாகச் சொருகியது. “யம்மாடி...” என்றாள்.

“வந்துட்டியா தாயி? சுத்தி ஒரு குருவி இல்ல பாரு. கொத்திப் போடு அவன.”

“இதோக்கா.”

ரோஸ்லின் எழுந்து, கழுத்து வழியே நடந்து, கொம்புக்கடியில் குனிந்து, அலகைத் திறந்தாள். நல்ல உண்ணி. அம்மா இருந்திருந்தால் இப்படிப்பட்ட ஒன்றுக்கு எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டியிருப்பாள்.

உண்ணி திரும்பிப் பார்த்தது.

“அடடே, வாங்க. இம்புட்டு வெயில்ல பறந்து வந்திருக்கீங்க. முதல்ல உக்காருங்க.”

ரோஸ்லினின் அலகு திறந்தபடியே நின்றது. அங்காடியில் அவளிடம், அதைக் காட்டு என்றவர்கள் உண்டு. இதை எடு, மேல்தட்டில் இருப்பதை இறக்கு, வேண்டாம் மறுபடி ஏற்று என்றவர்கள் உண்டு. உட்காருங்கள் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

அவள் யோசித்தாள். கொத்தினால் அக்காவின் வலி தீரும். வலி தீர்ந்தால் உண்ணி இல்லை. உண்ணி இல்லாவிட்டால் தங்க உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாத வீட்டுக்குச் சேவை எதற்கு? நாளைக் காலையிலிருந்து மறுபடி கடை, ஏசி, ஒற்றைக்கால்.

“என்ன தாயி, அம்புட்டானா?”

ரோஸ்லின் அலகை மூடினாள்.

“அவர் கொஞ்சம் உள்ள தள்ளிப் போயிட்டாருக்கா. சீரம் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு. அவசரப்படக்கூடாது. நாளைக்குப் பாப்போம்.”

“அவரா? நேத்து வரைக்கும் அவன்தான?”

“கஸ்டமருக்கா.”

நாளை வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ரோஸ்லின் கெட்டவள் அல்லள். முதுகு, விலா, தொடை, வாலடி என்று அன்னக்காமுவின் உடம்பில் உறுப்பினர் அட்டை இல்லாத உண்ணிகள் எத்தனை இருந்தனவோ அத்தனையையும் கொத்தித் தின்று தோலைத் துடைத்தாற்போல் வைத்தாள். இடது காதுக்கு மட்டும் சீரம் பூசினாள். வீக்கத்தைப் பார்த்து இரங்கி, உதவ வந்த மைனா ஒன்றை, “அப்பாயின்ட்மென்ட் இருக்கா?” என்று கேட்டு விரட்டினாள்.

ஒரு சாயங்காலம் அன்னக்காமு அசைபோடுவதை நிறுத்தினாள்.

“ரோஸ்லினு. பொய் சொல்லாம ஒண்ணு சொல்லு. அவன் உன் அலகுக்கு எட்டுறான்தான?”

ரோஸ்லின் மடித்திருந்த கால்களைப் பார்த்துக்கொண்டாள்.

“கால் வலிக்குதுக்கா,” என்றாள்.

அன்னக்காமு நினைத்தால் ஓர் உதறலில் அவளைக் குளத்தில் தள்ளியிருக்கலாம். தள்ளினால் கடையிலிருந்து வேறு யாரும் வரப்போவதில்லை. முதுகு மறுபடி பழைய முதுகாகிவிடும். இப்போது அந்த முதுகில் சாயங்காலக் காற்று பட்டால் எவ்வளவு சுகமாக இருக்கிறது என்பது அவளுக்கல்லவா தெரியும்? காதுக்குள் ஒருவன்தான். அவள் மறுபடி அசைபோடத் தொடங்கினாள்.

“நகந்து உக்காரு. எலும்பு குத்துது,” என்றாள்.

இந்தச் செய்தி மற்ற கொக்குகளுக்கு எட்டுவதற்கு அதிக நாளாகவில்லை. முகம், கூந்தல், கழுத்து என எல்லாக் கம்பெனிக் கொக்குகளும் கடைக்கு வரும் மாடுகளின் காதுகளில் குனிந்து, உள்ளே இருப்பவரிடம் மிகுந்த மரியாதையுடன் பேசத் தொடங்கின. இன்று அந்தக் காட்டில் ஒவ்வொரு மாட்டின் முதுகிலும் ஒரு கொக்கு உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு மாட்டின் காதிலும் ஒரே ஓர் உண்ணி, ஊட்டி வளர்த்தது போல. சேவை குறித்து எந்தப் புகாரும் இல்லை.

நீதி: பிறர் துன்பத்தைத் துடைக்கும்போது ஒரு துளியை மிச்சம் வை, நாளைக்கு நீ உட்காரும் இடம் அதுவே.

அன்னக்காமுவை இடது பக்கமிருந்து கூப்பிடுகிறவர்கள் இப்போது இரண்டு முறை கூப்பிடுகிறார்கள்.